வெற்றிலைச் சிவப்பு

அம்மாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை ஒரு கம்பளியைப் பிழிந்தது. எங்கள் தேயிலைத் தோட்டம் இருக்கும் அக்கரப்பத்தனையில் கம்பளி காயும் அளவுக்கு வெயில் அடிப்பது அபூர்வம். அந்த ஞாயிற்றுக்கிழமை அடித்தது. லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள் எல்லோரும் போர்வையும் கம்பளியுமாகப் பீலிக்கு வந்துவிட்டார்கள். மலையூற்றுத் தண்ணீர் குழாய் வழியாக விழும் இடத்தைத்தான் பீலி என்கிறோம்.

துவைத்தது நான். பிழிவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையை அம்மா பிடித்தார், மறுமுனை என்னிடம்.

“என்னா புள்ள, கரண்டு ஸ்டேசன்ல மிசினு முறுக்குற கையி இதானா? ஒரு கம்பளியப் புழிய வக்கில்ல.”

“நான் சுத்துற பக்கமே நீங்களும் சுத்துறீங்கம்மா. புழியாது, உருளத்தான் செய்யும்.”

“ஒங் கையப் பாத்துத்தானே சுத்துறேன்?”

“அதான் தப்பு. என்னையப் பாக்காதீங்க.”

“பெத்த புள்ளையப் பாக்காதன்னுது பாரு!” என்று பக்கத்தில் துவைத்துக்கொண்டிருந்தவர்களிடம் சொன்னார். சிரித்தார்கள். அம்மாவும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, முனையை விட்டுவிட்டுக் கல்லின்மேல் உட்கார்ந்தார். வாயைத் திறந்தபடி மூச்சை இழுத்தார். அப்பா வந்து அந்த முனையை வாங்கிக்கொண்டார். கம்பளி வேலிக்குப் போனது.

அம்மா ஏன் உட்கார்ந்தார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவின் பெயர் சண்முகவடிவு. தோட்டத்தில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. எல்லோருக்கும் அவர் ஆயம்மா. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் அவருக்கு வேலை. அதற்கு முன் அவரும் கொழுந்து பறித்தவர்தான். என்னையும் அதே காம்பராவில் போட்டுவிட்டுத்தான் மலைக்குப் போயிருக்கிறார்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போது தாய் தான் உடுத்திய பழைய சேலை ஒன்றையும் கொடுக்கவேண்டும். அந்தச் சேலையில்தான் அந்தப் பிள்ளைக்குத் தொட்டில் கட்டுவார்கள். தாயின் வாடை இருந்தால் பிள்ளை தூங்கும். பிள்ளைக்காம்பராவின் முகட்டு வளையில் எப்போதும் பல நிறங்களில் சேலைகள் தொங்கும். எந்தச் சேலை யாருடையது என்று அம்மாவுக்குப் பார்க்காமலே தெரியும். அழுகிற குரலை வைத்து, திரும்பாமலே கையை நீட்டிச் சரியான தொட்டிலை ஆட்டுவார்.

அவருக்கு ஐம்பது தாண்டியபோது நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் நோய். மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்சம் அடங்கும், பிறகு வரும். ஒருநாள் சுதர்ஷினியின் மகன் கிஷாந்தைத் தூக்கி வைத்திருக்கும்போது கண் இருட்டி, சுவரில் சாய்ந்து, பிள்ளையோடு சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கு அம்மா முடிவெடுத்துவிட்டார்.

“பிள்ளையக் கீழ போட்டுட்டு நான் உசுரோட இருக்க ஏலாது. என்னா செஞ்சா நிக்குமோ அதச் செய்யச் சொல்லு.”

கொழும்பில் செய்தார்கள். தொடை இடுக்கில் ஒரு நாளத்தைத் துளைத்து, மெல்லிய குழாயை இதயம்வரை கொண்டுபோய், நுரையீரலிலிருந்து இரத்தம் வந்து சேரும் நான்கு நாளங்களின் வாய்களைச் சுற்றிச் சுட்டார்கள். தாளத்தைக் கெடுக்கும் மின்சாரம் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. சுட்ட இடம் தழும்பாகிவிட்டால் மின்சாரம் தாண்டாது. நான் நோட்டன் பிரிட்ஜில் நீர்மின் நிலையத்தில் கருவிகள் பராமரிக்கிறவள். இது எனக்கு உடனே விளங்கியது. நல்ல வழி என்றும் தோன்றியது. அது நல்ல வழிதான். பலருக்கும் அது பலிக்கிறது.

அம்மாவுக்கும் படபடப்பு நின்றது. வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்: “என்னாடி, வயரிங் எல்லாம் சரியா?”

“ஒங்க வாயத்தான் கழட்ட மறந்துட்டாங்க,” என்றார் அம்மா.

அப்பாவின் பெயர் செல்லசாமி. தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். அம்மாவைக் கிண்டல் செய்வதைத் தவிர அவருக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை.

சில மாதங்களில் இருமல் வந்தது. மழைக்காலம். எங்கள் பக்கத்தில் இருமாத ஆள் யார்? பிள்ளைக்காம்பராவுக்கு ஏறும் படிகளில் அம்மா நின்று நின்று ஏறினார். வயசு என்றார். நெஞ்சு சரியாகத் துடித்ததால் இதயத்தைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

இனி வெற்றிலையைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மா ஓயாமல் வெற்றிலை போடுவார். தோட்டத்தில் அவர் வயதுப் பெண்கள் எல்லோரும் போடுவார்கள். குளிருக்கும் களைப்புக்கும் அதுதான் துணை. துப்புவது சிவப்பாகத்தான் இருக்கும். இருமித் துப்பினாலும் சிவப்பு, சும்மா துப்பினாலும் சிவப்பு. அதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

கந்தசஷ்டிக்கு அம்மா விரதம் பிடிப்பார். அந்த நாட்களில் வெற்றிலையைத் தொடமாட்டார். விரதத்தின் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கோயில் வாசலில் இருமித் துப்பினார். சிவப்பாக இருந்தது. முதலில் பார்த்தவர் அப்பா.

“விரதத்துல கள்ளத்தனமா வெத்தல போட்டியா?” என்றார், சிரித்துக்கொண்டு.

அம்மா சிரிக்கவில்லை. “நான் போடலங்க,” என்றார்.

அந்தச் சிவப்பு எவ்வளவு காலமாக வெற்றிலைக்குள் ஒளிந்திருந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

தோட்டத்தில் இருமி இரத்தம் துப்பினால் அதற்கு ஒரே பெயர்தான். காசம். நெஞ்சுநோய் கிளினிக்குக்கு அப்பா கூட்டிக்கொண்டு போனார். எனக்கு அன்றைக்கு வேலைமுறை. எக்ஸ்ரேயில் இடது பக்கம் நிழல் இருந்தது. சளியில் கிருமி இல்லை. கிருமி தெரியாத காசமும் உண்டு என்று மருந்து தொடங்கினார்கள். முன்பு ஏதாவது ஆபரேஷன் செய்ததா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

“ஏம்மா சொல்லல?”

“கத்தி வச்சாங்களா, தையல் போட்டாங்களா? அது என்னா ஆபரேசன்? அதோட, எந்த எடத்துல ஊசி குத்துனாங்கன்னு அந்த வயசுப் பையன் டாக்டர்கிட்ட நான் எப்பிடிச் சொல்லுவேன்?”

அடுத்த தடவை நான் கூடப்போய்ச் சொன்னேன். டாக்டர் குறித்துக்கொண்டார். இதயத்துக்குச் செய்தது இதயத்தோடு போயிற்று, இது நுரையீரல் என்றார். அவரைக் குறைசொல்ல மாட்டேன். அவர் நாளெல்லாம் பார்ப்பது உண்மையான காசத்தை. இந்த நோயை அவர் ஒருதடவைகூடப் பார்த்திருக்க மாட்டார்.

கிளினிக்கிலிருந்து வந்த மறுநாள் சுதர்ஷினி பிள்ளைக்காம்பராவுக்கு வந்தாள். ஸ்டூலில் ஏறித் தன் சேலையை வளையிலிருந்து அவிழ்த்தாள். “கோவிச்சிக்காதீங்க ஆயம்மா, சின்னப் புள்ள,” என்றாள்.

“முடிச்சு இறுகிப் போயிருக்கும். இந்தப் பக்கமா இழு,” என்று அம்மா சொல்லிக்கொடுத்தார்.

அந்த வாரத்துக்குள் எல்லாச் சேலைகளும் போய்விட்டன. வெறும் வளை. மருந்து தொடங்கிச் சில வாரம் போனால் தொற்றாது என்று மிட்வைஃப் வீடு வீடாகச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. தோட்டம் வேறொரு பெண்ணை வேலைக்கு வைத்தது. அம்மா தன் தட்டையும் கோப்பையையும் தானே பிரித்து வைத்துக்கொண்டு, வாசலில் உட்கார்ந்து, மேலே பிள்ளைகள் அழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். “அது கிஷாந்து. பசிக்கி இல்ல, ஈரத்துக்கு அழுவுது,” என்பார். அங்கே யாரும் அதைக் கேட்கப்போவதில்லை.

மருந்தால் இரத்தம் நிற்கவில்லை. மூச்சு இன்னும் குறைந்தது. நிலையத்தில் ஒரு குழாயின் வெளிவழி அடைபட்டால் முதலில் உள்ளே அழுத்தம் ஏறும், பிறகு பலவீனமான இடத்தில் கசியும். இதை நான் தினமும் பார்க்கிறேன். அம்மாவின் நுரையீரல் கசிகிறது. அப்படியானால் வெளிவழி எது? அதைத் தேடிப் படித்தபோதுதான் அந்த நான்கு நாளங்களுக்கு வந்து சேர்ந்தேன். சுட்ட தழும்பு எப்போதாவது ஒருவருக்கு அளவுக்கு மீறிச் சுருங்கும். நாளத்தின் வாய் குறுகும். இருமல், மூச்சுத்திணறல், இரத்தம். நிமோனியா என்றோ காசம் என்றோ நினைத்துவிடுவார்கள் என்றும் எழுதியிருந்தது.

மறுபடி கொழும்பு. சாயம் ஏற்றி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். வலது பக்கம் இரண்டு நாளங்களும் பரவாயில்லை. இடது கீழ் நாளம் நூல்போல ஆகியிருந்தது. இடது மேல் நாளம் திரையில் இல்லவே இல்லை.

“எங்க அது?” என்றேன்.

“மூடிப்போச்சு.”

“தொறக்க ஏலுமா?”

“குறுகினதுக்குள்ள கம்பி போகும். மூடினதுக்குள்ள போகுமான்னு முயற்சி செய்துதான் பார்க்கணும்.”

முன்பே வந்திருந்தால் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அம்மா வேறொன்று கேட்டார். “டாக்டர் ஐயா, அப்ப எனக்குக் காசம் இல்லீங்களா?”

“இல்லம்மா.”

அம்மாவின் முகம் அப்படி மலர்ந்து நான் நீண்ட காலமாகப் பார்க்கவில்லை. நாளம் மூடிப்போனது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

அதே தொடை இடுக்கு வழியாகத்தான் போனார்கள். கீழ் நாளத்துக்குள் சிறிய பலூனை ஊதி விரித்து, திரும்பச் சுருங்காமலிருக்கக் கம்பிவலைக் குழாய் ஒன்றை வைத்தார்கள். மேல் நாளத்தில் கம்பி எங்கும் நுழையவில்லை. நெடுநேரம் முயன்றுவிட்டு விட்டார்கள். வைத்த குழாயும் சிலருக்கு மறுபடி குறுகும், இருமல் வந்தால் உடனே வரவேண்டும் என்றார்கள். வார்டில் ஒரு சிங்களத் தாதி அம்மாவை நடக்கவைத்தார். “ஹெமின், அம்மே, ஹெமின்,” என்றார். அம்மா மெதுவாக நடக்கத் தயாராக இல்லை. வார்டின் கோடிவரை போய்த் திரும்பி வந்து, “மூச்சு வருது புள்ள!” என்றார்.

சிறிது காலம் நன்றாக இருந்தது. அம்மா படிகளில் நிற்காமல் ஏறினார். வேலை திரும்பக் கிடைக்கவில்லை; ஆனாலும் தினமும் பிள்ளைக்காம்பராவுக்குப் போய் உட்கார்ந்தார். சுதர்ஷினி ஒருநாள் நடக்கப் பழகிவிட்ட கிஷாந்தைக் கொண்டுவந்து மடியில் போட்டாள்.

“இந்தாங்க ஆயம்மா, ஒங்க கொரங்கு. வீட்ல ஒரு சட்டி மிச்சமில்ல.”

“அன்னிக்கி அவுத்துக்கிட்டுப் போனியே, இப்ப மட்டும் எதுக்குடி?”

“கோவமா ஆயம்மா?”

“கோவமில்லடி. ஒன்னய மாதிரி எனக்கும் ஒரு புள்ள இருந்தா நானும் அவுத்துத்தான் இருப்பேன்.”

“அப்ப தனுஜா யாரு?” என்றாள் சுதர்ஷினி, என்னைக் காட்டி.

“அது கவர்மெண்டுப் புள்ள.”

அடுத்த கிளினிக்குக்கு அம்மாவும் நானும்தான் கொழும்புக்குப் போனோம். முறை வரும்வரை ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே ஒரு தேத்தண்ணிக் கடை வாங்கில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு பெண், அம்மாவைவிடக் கொஞ்சம் இளையவர். பேச்சைக் கேட்டதும் இரண்டு பேருக்கும் மலைநாடு என்று விளங்கிவிட்டது. பெயர் பூரணி. கந்தப்பளையில் மரக்கறி விற்கிறார். அவருக்கும் அதே நெஞ்சுப் படபடப்பு, அதே வார்டில் அதே சூடு, சில மாதங்களுக்கு முன்.

“இப்ப எப்பிடி இருக்கு?” என்றார் அம்மா.

“துடிப்பு எல்லாம் நின்னுருச்சிங்கக்கா. குதிர மாதிரி இருக்கேன்.” சொல்லிவிட்டு இருமினார். நீண்ட இருமல். திரும்பித் தெருவோரக் கானில் துப்பினார். வாய் நிறைய வெற்றிலை.

“எத்தன நாளா இந்த இருமல்?”

“கந்தப்பள குளிருக்கு இருமாம இருந்தாத்தான் டாக்டர்கிட்டக் காட்டணும். விடியக்காலயில லீக்ஸு கழுவுறவ நானு. ஐஸுத் தண்ணி.”

“டாக்டர்கிட்டச் சொன்னியா?”

“நெஞ்சு துடிக்குதான்னாங்க, இல்லன்னேன். வேற என்னா கேட்டாங்க?”

அந்த நேரம் உள்ளேயிருந்து எங்கள் முறை என்று சொன்னார்கள். அம்மா எழுந்தார். “இரு பூரணி, வந்தர்றேன், போயிறாத,” என்றார். நாங்கள் வெளியே வந்தபோது வாங்கு காலியாக இருந்தது. நுவரெலியா பஸ்ஸுக்குப் போய்விட்டார் என்றார் கடைக்காரர்.

வீடு திரும்பும் பஸ்ஸில் கித்துள்கலை தாண்டும்போது அம்மா என் பக்கம் திரும்பினார். “உள்ள போறதுக்கு முந்திச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்ததான். வெத்தலய ரெண்டு நாளு நிறுத்திட்டுத் துப்பிப் பாருன்னு.”

ஆஸ்பத்திரிக்கு போனில் சொன்னேன். முழுப்பெயர் கேட்டார்கள், கிளினிக் இலக்கம் கேட்டார்கள். என்னிடம் இரண்டும் இல்லை. அடுத்த முறை வரும்போது பார்க்கிறோம் என்றார்கள்.

“நானே ஒரு நாளைக்கிக் கந்தப்பளைக்குப் போயிட்டு வர்றேன்,” என்றார் அம்மா. “மரக்கறிக் கடதானே, கேட்டா சொல்லுவாங்க.”

“நான் போறேம்மா.”

“நீ போயி ஸ்டேசன் பாஷையில நாளம், அழுத்தம்னு பேசுனா அவ பயந்து மாரியம்மனுக்கு நேத்திவச்சிட்டு வீட்ல இருந்துருவா. நான் போனாத்தான் நம்புவா. நான் துப்புனவ.”

அடுத்த வாரம் போவதாக இருந்தது. அந்த வாரம் அம்மாவுக்கு மறுபடி மூச்சு வாங்கியது. வெற்றிலையை அவர் எப்போதோ விட்டிருந்தார்; இம்முறை இருமலோடு வந்த சிவப்பு எங்கும் ஒளியவில்லை. வைத்த குழாய்க்குள்ளேயே சதை வளர்ந்து வழி குறுகியிருந்தது. மறுபடி பலூன் போடவேண்டும், வாருங்கள், கட்டில் ஒழுங்கு செய்கிறோம் என்றார்கள். கட்டிலுக்குக் காத்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் நாங்கள் கம்பளி பிழிந்தோம். தான் இல்லாத நேரம் அப்பா குளிரில் கிடக்கக்கூடாது என்றுதான் அம்மா அதைத் துவைக்கச் சொன்னார்.

அழைப்பு செவ்வாய்க்கிழமை வந்தது. விடிந்ததும் வேன் பிடித்தோம். அட்டனில் அப்பா இறங்கித் தேத்தண்ணி வாங்கிவந்தார். அம்மா அரைக் கோப்பை குடித்தார். கினிகத்தேனை தாண்டி வளைவுகளில் இறங்கும்போது இருமல் தொடங்கியது. நான் ஏந்திய பிளாஸ்டிக் டப்பா நிறைந்தது. துவாய் நனைந்தது. அவரை இடது பக்கம் சாய்த்துப் பிடித்தேன். கசியும் நுரையீரல் கீழே இருந்தால் நல்ல பக்கம் நிரம்பாது என்று படித்திருந்தேன். டிரைவர் ஹோனை அழுத்தியபடியே ஓட்டினார். அப்பா, “வடிவு, வடிவு,” என்றார். அவர் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

அம்மா என் கையை இழுத்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல்ல மூச்சு இல்லை.

வழியிலிருந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் ஓடிவந்தார்கள். செய்யக்கூடியதைச் செய்தார்கள். திறக்கவேண்டிய வழி கொழும்பில் திறப்பதாக இருந்தது. நாங்கள் பாதித் தூரம்கூடப் போகவில்லை.

அடக்கத்துக்குத் தோட்டம் முழுவதும் வந்தது. பெண்கள் பிள்ளைகளோடு வந்தார்கள். யாரும் தூரத்தில் நிற்கவில்லை. அப்பா இப்போது யாரையும் கிண்டல் செய்வதில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறார். வெயிலில் காய்ந்த கம்பளி மடித்தபடி இருக்கிறது, அவர் போர்த்துவதில்லை.

துக்கத்துக்கு லீவு எடுத்து வீட்டில் இருக்கிறேன். முப்பதாம் நாள் காரியம் முடியும்வரை நாங்கள் வேறு வீட்டுப் படி ஏறுவதில்லை. ஊர் வழக்கம். மீறினால் அப்பா தாங்கமாட்டார் என்று எனக்குச் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு மறுபடியும் போன் எடுத்தேன். பூரணி என்று பெயர் மட்டும் சொன்னேன். தேடிப் பார்ப்பதாகச் சொன்னார்கள். கந்தப்பளையில் எனக்கு யாரையும் தெரியாது. கடை எந்தப் பக்கம் என்று அம்மா கேட்டுவைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

முப்பது முடியட்டும் என்று இருக்கமுடியாது, நாளைக்குப் போகிறேன். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பஸ்ஸுக்கு எத்தனை மணிக்கு எழும்பவேண்டும் என்று கேட்டார். நான் போனால் பூரணி நம்புவாரா என்று தெரியவில்லை. நான் துப்பியவள் இல்லை. அதைச் சொல்லவேண்டியவர் அம்மா. அவர் இன்னும் கந்தப்பளைக்குப் போகவில்லை.